மூக்கொழுகி கக்கிய தீர்த்தம்

போன மாதம் ஒரு கலியாணத்துக்காக வெளியூர் போயிருந்தேன். அந்த ஊர் ரயில் நிலையத்தின் வாசலில் சிமெண்டு மேடை கட்டி, அதன்மேல் ஒரு பழைய நீராவி எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் புல்தரை, குரோட்டன்ஸ் செடிகள். உடம்புக்குக் கறுப்பு வார்னிஷ், சக்கரங்களுக்குச் சிவப்பு, கைப்பிடிகளுக்கு வெள்ளை. மாப்பிள்ளையையும் பெண்ணையும் அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். "எவ்ளோ அழகா இருக்குது பாருங்க" என்று பெண் வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு வாயில் எச்சில் சுரந்தது. கலியாண வீட்டார் நடுவில் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டேன்.

அந்த ரகத்தை எனக்குத் தெரியும். புகைபோக்கியின் விளிம்பில் தடித்த உதடு, பெரிய சக்கரங்களின்மேல் புருவம் போல் வளைந்த தகடு. ஸ்காட்லாந்தில் செய்து, முதல் யுத்தத்துக்கு முன்பே கப்பலில் வந்து இறங்கியவை. ரயில்வேயைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த புத்தகங்கள் சிலவற்றை வாசகசாலையில் எடுத்துப் படித்திருக்கிறேன். இந்த ரகத்தைப் பற்றி எழுதும்போது அவர்களுக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. உருவத்தில் நளினமாம், ஓட்டத்தில் நிதானமாம். எந்த வருஷம் பட்டறையை விட்டு வந்தது, எந்த வருஷம் ஓய்ந்தது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. அந்த ஓய்ந்த வருஷத்துக்கு முந்திய சில வருஷங்களில் அது எப்படி நாறியது என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நாற்பதுகளில் நான் திருத்தணி தாலுகா ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தா. ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. என் அக்காவின் கணவர், எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் பாவா என்று கூப்பிட்டவர், அந்த ரக எஞ்சின் ஒன்றின் டிரைவர். வேலை அரக்கோணம் ஷெட்டில். குடித்தனம் திருத்தணியில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே. ஒரு டிரைவருக்கு ஒரு எஞ்சின் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. ஷெட்டில் எத்தனை எஞ்சின் நின்றாலும் அவர் ஏறுவது அவருடையதில்தான். அது பழுதானால் அவரும் சும்மா உட்கார வேண்டும். அது கெட்ட பெயர் வாங்கினால் அவருக்கும் கெட்ட பெயர். தாலி கட்டாத குறைதான்.

பாவாவுக்கு வாய்த்ததற்கு அவரே வைத்த பெயர் மூக்கொழுகி. பெயரில் மிகை எதுவும் கிடையாது. யுத்தம் தொடங்கியபின் சீமையிலிருந்து உதிரிச் சாமான்கள் வருவது நின்றது. பட்டறைகள் யுத்த வேலையில் மூழ்கின. ஓய்வு கொடுத்திருக்க வேண்டிய எஞ்சின்களை இழுத்துக்கட்டி ஓட்டினார்கள். மூக்கொழுகியின் ஒவ்வொரு மூட்டிலும் நீராவி கசிந்தது. கசிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பொருக்குத் தட்டி, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து, அதன்மேல் கரித்தூள் அப்பி, பார்க்கச் சொறி பிடித்த தோல் போல இருக்கும். நிலக்கரி என்று வந்ததில் பாதி கல். எரியாமல் புகைந்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் அடிக்கடி வெடிக்கும். அது வெடிக்கும்போதெல்லாம் பாவாவின் வலது முன்கையில் ஒரு புதிய கொப்புளம். பழைய தழும்பு ஆறுவதற்குள் அதன்மேலேயே அடுத்தது. அந்தக் கையில் மயிர் முளைக்கவே இல்லை. அவர் சட்டையை அக்கா மற்றவர் துணிகளோடு ஊறப்போட மாட்டாள். தனி வாளி, தனிக் கொடி. துவைத்துக் காய்ந்த பிறகும் அது கொடியில் விறைத்துக்கொண்டு தொங்கும்.

நாற்பத்து நான்கில், தமிழுக்குத் தாரண வருஷம், அரக்கோணம் ஷெட்டுக்கு ஒரு சேதி வந்தது. அமெரிக்காவில் செய்த புது எஞ்சின்கள் வரப்போகின்றன. பெயரில் கறுப்புப் புள்ளி இல்லாத டிரைவர்களாகப் பார்த்து அவற்றில் ஏற்றப் போகிறார்கள். புள்ளி விழுந்தவர்கள் கீழே இறங்கி, யார்டில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். வேறொரு ஷெட்டுக்கு முதலில் வந்திருந்த அமெரிக்க எஞ்சின் ஒன்றில் பாவா ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

"குந்திக்கினு ஓட்டலாம் மச்சான். முதுவு சாஞ்சிக்கறதுக்குப் பலக வெச்சிக்கிறான். எங்கயும் ஒரு சொட்டு ஒழுவல. கைய வெச்சி வெச்சிப் பாத்தேன்."

"மொதல்ல சோத்துல கைய வெய்யுங்க" என்றாள் அக்கா. பிறகு மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "முருகா, அந்த சனியன விட்டு இவரு எறங்கிட்டா போதும். இவருக்கு மொட்ட போடறேன்."

"என் தலய நீ எழுதிக் குடு" என்றார் பாவா. ஆனால் அவருக்குச் சந்தோஷம். ஷெட்டின் ஃபோர்மேன் துரை, ஆடி மாதம் கழியட்டும், பெயர்களை அனுப்புகிறேன் என்று அவரிடம் வாயாலேயே சொல்லியிருந்தார். ஆகவே ஆடி மாதம் ஒரு தப்பும் நடக்காமல் கழிய வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் ஆடி மாதம் என்றால் ஆடிக் கிருத்திகை. அந்த நாளில் ஒரு ஜில்லாவே மலையடிவாரத்தில் வந்து கொட்டும். ஊரில் இன்றைக்கும் சிலர், நான் சொல்லப்போகும் சம்பவம் சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது என்று சாதிக்கிறார்கள். தவறு. அன்று ஸ்டேஷன் விளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். யுத்தம் முடிந்ததும் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டார்கள். அது நாற்பத்து நான்கின் கிருத்திகைதான்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு அன்று கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கையில் ஒரு துணிப்பட்டை கட்டி என்னை ஸ்டேஷனில் நிறுத்தியிருந்தார்கள். பகல் சாய்ந்த நேரம். மலையிலிருந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டிய ஸ்பெஷல் ரயில் பிளாட்பாரத்தில் நின்றது. கூரைமேலும் ஆட்கள். எஞ்சின், மூக்கொழுகி. அப்போதுதான் தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள். காற்றுதான் வந்தது. காலையிலிருந்து ஜனங்கள் குடிக்கவும் குளிக்கவும் இறைத்ததில் ஸ்டேஷன் கிணறு வற்றியிருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். "என்னப்பா, இருக்கிற ஜலத்தை வச்சுண்டு அரக்கோணம் போயிட மாட்டியா?"

"போவாதுங்க. நடுவழில நின்னுடும்" என்றார் பாவா.

"நின்னா உன் பேர்லதான் எழுதுவா. எனக்கு ஒண்ணுமில்லே, சொல்லி வைக்கிறேன்."

பாவா பிளாட்பாரத்துக்கு வெளியே பார்த்தார். தெருப் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் மாட்டு வண்டிகள், பெரிய பீப்பாய்களோடு, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் முகம் தெளிந்தது.

"அந்த வண்டிங்கள இப்பிடித் திருப்புங்க. போதும்."

அந்தத் தண்ணீரை எங்கே மொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். "பாவா, அது அடிவாரத்துக் கொளத்துத் தண்ணி. காலைலேர்ந்து ஊரே மொட்ட அடிச்சி அடிச்சி அதுலதான் முழுவிகினு இருக்குது."

"அதுக்கு இன்னா மச்சான்? பாய்லரு இன்னா சந்தியாவந்தனமா பண்ணப் போவுது? கொதிக்கத்தான போவுது. கொதிச்சா எல்லாம் சுத்தம்."

அவருடைய ஃபயர்மேன் கரி அள்ளும் ஷவலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். "முருகன் தண்ணிண்ணா! இன்னிக்கி நம்ம எஞ்சின் மயிலு மாதிரி பறக்கும் பாரு."

அந்தக் குளத்தை நான் காலையிலேயே பார்த்திருந்தேன். ஓரமெல்லாம் மஞ்சளும் கறுப்பும் கலந்த ஒரு படலம். மொட்டைத் தலைகளில் பூசிய சந்தனம், தேய்த்த எண்ணெய், எண்ணெய்க்குப் போட்ட சீயக்காய், வாழைப்பழத் தோல், பிய்ந்த மாலை. படித்துறை மூலைகளில் சீயக்காய் நுரை முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கியிருந்தது. நுரைக்குள் மயிர்க் கற்றைகள் சுருண்டு மிதந்தன. அதில் முங்கி எழுந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடிக்கவும் செய்தார்கள்.

அந்தத் தண்ணீர் வந்தது. பிளாட்பாரத்தில் இருந்தவர்களே வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். பீப்பாயிலிருந்து குடம், குடத்திலிருந்து கை, கையிலிருந்து கை என்று எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போயிற்று. ஒவ்வொரு குடத்துக்கும் ஓர் அரோகரா. சொந்த ஊர்க்காரர் டிரைவர் என்பதில் எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரே பெருமை. பாவா தொட்டியின்மேல் நின்றுகொண்டு, "ஊத்து நைனா, ஊத்து" என்று தட்டிக்கொடுத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் தம் கையாலேயே கற்பூரம் கொளுத்தினார். தண்ணீர் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். பின்னால் எல்லோருமே வேண்டாமென்று சொன்னதாகச் சொன்னார்கள்.

ரயில் புறப்பட்டது. பிளாட்பாரத்தின் கோடிவரை ஒழுங்காகவே போயிற்று. அதற்கு அப்பால், ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் அடர்த்தியாக நின்றிருந்தார்கள். ரயிலை மெல்லவே ஓட்ட வேண்டியிருந்ததால் எஞ்சினை ஒட்டினாற்போல் நானும் நடந்து வந்தேன். அங்கே வந்ததும் எஞ்சினின் சத்தம் மாறியது. இருமிக்கொண்டிருந்த புகைபோக்கி ஓங்கரித்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. குடித்தவன் வாந்திக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செய்வானே, அப்படி ஒரு சத்தம். பிறகு கக்கியது.

எண்ணெயும் சீயக்காயும் கலந்த தண்ணீர் பாய்லருக்குள் கொதித்தால் என்ன ஆகும்? பால் பொங்குவது போல் நுரைத்துப் பொங்கும். நீராவி மட்டும் போக வேண்டிய குழாய்களில் நுரையும் புகுந்து, புகைபோக்கியின் கரியையெல்லாம் கழுவிக்கொண்டு வெளியே வரும். இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டோம். அப்போது நாங்கள் பார்த்தது, ஆகாயத்திலிருந்து சுடச்சுட இறங்கிய ஒரு கறுப்பு மழை. மழை என்றால் மழை அல்ல, கொழகொழவென்று ஒட்டியது. மயிர் வெந்த நாற்றம், காறிய எண்ணெய் நாற்றம், அவற்றின்மேல் மெல்லிசாகச் சந்தன வாசனை. அந்தச் சந்தனம்தான் என்னைக் கையால் மூக்கைப் பொத்தவைத்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜனங்கள் சிதறி ஓடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு கணம் சும்மா நின்றார்கள். பிறகு ஒரு பெண்குரல், "தீர்த்தம்!" என்றது. அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் கைகளைக் குவித்து மேலே நீட்டியது. வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நின்றவர்களைப் பார்த்தேன். புதிதாகச் சிரைத்து மஞ்சளாகச் சந்தனம் பூசிய தலைகளில் கறுப்புக் குழம்பு வழிய, அதை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், தம் கையில் விழுந்ததைக் குடித்துவிட்டு, மீதியை என் தலையில் தடவினார். "நல்லாரு" என்றார்.

எஞ்சின் நின்றது. நுரை மட்டும் காரணமல்ல. தொட்டியிலிருந்து பாய்லருக்குத் தண்ணீர் போகும் வழியில் ஒரு சல்லடை உண்டு. அது அடைத்துக்கொண்டது. பாய்லரில் தண்ணீர் இறங்கினால் வெடிக்கும் என்று ஃபயர்மேன் அலற, பாவா கீழே குதித்து, மூடியைக் கழற்றி, அந்த வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டார். கையை வெளியே இழுத்தபோது அதில் ஒரு பந்து இருந்தது. ஈரமான, சடை பிடித்த, எண்ணெய் சொட்டும் மயிர்ப் பந்து. எத்தனை தலைகளின் மயிரோ. உதறினார், விழவில்லை. விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிய்க்கத் தொடங்கும் முன்பே நாலைந்து பேர் அவர் காலில் விழுந்துவிட்டார்கள். ஃபயர்மேன் சக்கரத்தின் மறுபுறம் போய் வாந்தி எடுத்தான்.

அரக்கோணத்திலிருந்து வேறு எஞ்சின் வந்து ரயிலை இழுத்துப் போக இருட்டிவிட்டது.

அக்கா அவரை வாசலுக்குள் விடவில்லை. கொல்லைக் கிணற்றடியில் நிற்கவைத்து வாளி வாளியாக ஊற்றினாள். வீட்டிலிருந்த சோப்பு முழுவதும் கரைந்தது.

"இன்னாங்க இது நாத்தம்! செத்த எலி எஞ்சினுக்குள்ள பூந்துடுச்சா?"

"மசுரு" என்றார் பாவா.

"ஆங்?"

"மசுருடி. ஊரு மசுரு."

அக்கா அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். "உங்க தங்கச்சி மவனுக்குக்கூட இன்னிக்கித்தான் மொட்ட போட்டாங்க" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பல நாள் அந்தக் கையால் சோறு பிசையவில்லை. கரண்டியால் சாப்பிட்டார். "துரைக்கு இங்கிலீஷ் பழக்கம் வந்துடுச்சி" என்று அக்கா சொல்லிக் காட்டினாள்.

புள்ளி விழுந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். யார்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அவரும் மனத்தைத் தயார் செய்துகொண்டார். விசாரணைக்கு அழைத்தார்கள். கற்பூரம் கொளுத்திய ஸ்டேஷன் மாஸ்டர், தாம் அந்த நேரத்தில் தந்தி அறையில் இருந்ததாகச் சொல்லிவிட்டார். பாவா தாமே கேட்டு ஊற்றியதாக ஒப்புக்கொண்டு திரும்பினார்.

ஆனால் அதற்குள் வேறொன்று நடந்திருந்தது. கிருத்திகை முடிந்த பிறகும் ஜனங்கள் ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தீர்த்த எஞ்சின் எந்த ரயிலில் வரும் என்று கேட்டார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து நெசவாளர் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தன. தண்டவாளத்து ஜல்லியில் கரி படிந்த கற்களைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். இதைப் பார்த்ததும் தேங்காய்க் கடைக்காரர்களுக்கும் சத்திரம் நடத்துகிறவர்களுக்கும் புத்தி வேலை செய்தது. மாலையும் பழத்தட்டுமாக அரக்கோணம் போய், இனி ஒவ்வொரு கிருத்திகைக்கும் அதே எஞ்சினும் அதே டிரைவரும் வர வேண்டும் என்று கேட்டார்கள். மேலதிகாரிகளுக்கும் அது பிடித்துப்போயிற்று. கூட்டம் வந்தால் டிக்கெட் விற்கும்.

ஃபோர்மேன் துரை சொன்னதை அவர் குரலிலேயே பாவா எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். "நீ பெரிய ஆள் ஆய்ட்டான் மேன். ஜனங்கோ உன்னத்தான் கேக்குறான்."

"எனக்கு அமெரிக்கா எஞ்சின் தரேன்னீங்களே, துரை."

"அது ஓட்டறதுக்கு நெறைய ஆள் இருக்குறான். ஹோலி எஞ்சின் ஓட்டறதுக்கு நீ ஒரு ஆள்தான்."

தண்டித்திருந்தால்கூட யார்டுக்குப் போயிருப்பார். மூக்கொழுகியை விட்டு இறங்கியிருப்பார். பாராட்டியதால் அதிலேயே கட்டிப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வருஷம் பார்த்திப, அதற்கடுத்தது விய, பிறகு சர்வசித்து, சர்வதாரி. அந்த எஞ்சினின் கடைசி வருஷங்கள் அவை. அதன் கூடப்பிறந்தவை ஒவ்வொன்றாக ஓய்ந்து ஷெட்டின் பின்புறத் தண்டவாளத்தில் செடி முளைத்துக் கிடந்தன. மூக்கொழுகிக்கு ஏதாவது உடைந்தால் அவற்றில் ஒன்றிலிருந்து கழற்றிவந்து மாட்டினார்கள். பிணத்தின் பல்லைப் பிடுங்கி உயிரோடு இருப்பவனுக்குக் கட்டுவது மாதிரி. அது நிற்கிற ஸ்டேஷனில் எல்லாம் பூஜை. சூடான முகப்பில் மாலை போடுவார்கள். மாலை பொசுங்கிக் கருகி ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் அடுத்த மாலை. நெய் தடவுவார்கள், அது தீய்ந்து காறும். அச்சுக்கு எண்ணெய் விடும் கிண்ணங்களில் குங்குமமும் இளநீரும் விட்டார்கள். அச்சு சூடேறிக் கிறீச்சிட்டது. எஞ்சின் பேசுகிறது என்றார்கள். பாவா தினமும் வேலை தொடங்குமுன் அந்தக் கிண்ணங்களிலிருந்து ஊறிப்போன பூவையும் செத்த கரப்பான்களையும் குச்சியால் நோண்டி எடுப்பார். எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

கிருத்திகைக்குக் கிருத்திகை, குளத்துத் தண்ணீர் ஒரு குடம், மேளத்தோடு வரும். ஊற்றித்தான் ஆக வேண்டும். கடைக்காரர்களில் ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் தாராளமா தெளிச்சி வுடுங்க சாமி, வெளியூரு ஜனம் ஏமாந்துகினு போவுது" என்று சொன்னதை நானே கேட்டேன்.

"அது தண்ணி இல்லீங்க, பாய்லரு வாந்தி" என்றார் பாவா.

"நமக்குத் தெரியுதுங்க. அவங்களுக்குத் தெரியணுமா?"

அமெரிக்க எஞ்சின்கள் எதிர்த் தண்டவாளத்தில் போகும்போது அவற்றின் டிரைவர்கள், பாவாவைவிட வயதில் சிறியவர்கள், பலகையில் சாய்ந்தபடி கையைக் குவித்துக் காட்டுவார்கள். "இன்னா சாமி, இன்னிக்கி அருளு வந்துச்சா? ஒரு கை தீர்த்தம் போடேன்!" இவர் இருமுவார். அந்த இருமல் அந்த வருஷங்களில்தான் வந்தது. மாற்றல் கேட்டு அவர் போகும்போதெல்லாம் துரை சிரித்தார். சுதந்திரம் வந்து துரை கப்பலேறினார். அவர் நாற்காலிக்கு வந்த நம்மவரும் அதே மாதிரி சிரித்தார். ஒரு வித்தியாசம்: இவர் எஞ்சினின் முகப்பில் மூவர்ணம் அடித்து, அதன்மேல் விபூதிப் பட்டை போடச் சொன்னார். கசிந்த நீராவியில் மூன்று வர்ணமும் வழிந்து ஒன்றாயின.

விரோதி வருஷம், அதாவது நாற்பத்தொன்பது, பாய்லரின் அடுப்பில் விரிசல் விட்டது. கழற்றி மாட்ட, செத்துக் கிடந்த எஞ்சின்களிலும் ஒன்றும் மீதி இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டு நெருப்பை இறக்கி அதை ஓய்த்துவிடுவது என்று முடிவாயிற்று. சேதி ஊரில் பரவியது. அன்று பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம். எல்லோர் கையிலும் குப்பி, செம்பு, தகர டப்பா. எஞ்சினின் அடிவயிற்றில் அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிட ஒரு குழாய் உண்டு. பாவா கீழே இறங்கி அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நீட்டிய பாத்திரங்களில் எல்லாம் ஆவி பறக்கும் அந்தப் பழுப்புச் சேற்றை நிரப்பிக்கொடுத்தார். அவர் முகத்தை இந்தக் கூட்டத்தில் ஒருவராவது பார்க்கிறாரா என்று நான் பார்த்தேன். பாத்திரத்தைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் அவரை யார்டுக்கு அனுப்பினார்கள். புது எஞ்சின் பழக வயதாகிவிட்டதாம். எந்த யார்டுக்குப் பயந்து அந்தத் தண்ணீரை ஊற்றினாரோ அதே யார்டு.

அக்கா விடவில்லை. "நான் வேண்டிக்கினது இன்னா? அந்த சனியன விட்டு எறங்கணும்னுதான? எறங்கிட்டீங்க இல்ல? நடங்க, மொட்ட போட."

"நான் எங்கடி எறங்குனேன்? அது செத்துப்போச்சி."

"எதுவோ. சாமிக்கிட்ட கணக்கு பேசாதீங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் அவரும் நானும் புறப்படும்போது எங்கள் கொல்லைக் கிணற்றிலிருந்து ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் சேந்தி, வாயில் துணி கட்டி, தாமே தோளில் வைத்துக்கொண்டார். அடிவாரம்வரை என்னிடம் தரவில்லை.

படித்துறையில் நாவிதர் அவரை உட்காரவைத்து, வழக்கம் போல் குளத்தில் கையை நனைக்கப் போனார். பாவா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இதுல நனைங்க" என்று குடத்தைக் காட்டினார்.

"இன்னா சாமி, கொளமே எதுருல இருக்குது. அதுல இல்லாத புண்ணியம் உன் கொடத்துலயா?"

"அதுல இருக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும்பா. நீ இதுல நனை."

நாவிதர் என்னைப் பார்த்து, கிழவருக்குக் கிறுக்கோ என்று கண்ணால் கேட்டுவிட்டு நனைத்தார். நரைத்த மயிர் படியில் விழுந்தது. காற்றில் நகர்ந்து தண்ணீருக்குள் போனவற்றைப் பாவா எட்டி எட்டிப் பொறுக்கி, தம் துண்டில் முடிந்துகொண்டார். கடைசியில் குடத்துத் தண்ணீரையே தலையில் ஊற்றிக்கொண்டார். அப்போது பக்கத்துப் படியில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவரை உற்றுப் பார்த்தாள். திருவாலங்காட்டுப் பக்கத்துக் கழனிக்காரி போல் இருந்தாள். அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"தீர்த்த எஞ்சின் டிரைவரு சாமி இல்ல நீங்க?" என்று கையைக் குவித்து நீட்டினாள்.

பாவா குடத்தைப் பார்த்தார். அடியில் கொஞ்சம் இருந்தது. "இது எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணிம்மா" என்றார்.

"ஆங், ஊத்துங்க சாமி."

"வெறும் கெணத்துத் தண்ணிம்மா. குடிக்கற தண்ணி."

"ஊத்துங்க."

ஊற்றினார். அவள் குடித்தாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கையை முகர்ந்து பார்த்தாள். இன்னும் ஒருமுறை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குளத்தில் ஒரு கை அள்ளி வாயைக் கொப்பளித்துக்கொண்டு, தன் புடவையைப் பிழியத் தொடங்கினாள்.

பாவா காலிக் குடத்தைக் கவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வா மச்சான்" என்றார். மலைமேல் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பினோம்.